40 ஹெர்ட்ஸுக்கு ஒரு வீடு

2006 மே மாதம் லண்டனின் ஹைப்பர்டப் லேபிள் முதன்முறையாக ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டது. இசைஞரின் பெயர் பரியல். ஆல்பத்தின் பெயரும் அதுவே. அப்போது அவர் முகத்தை ரசிகர்கள் யாரும் பார்த்திருக்கவில்லை, இயற்பெயர் தெரியாது, மேடையேறும் வழக்கமும் கிடையாது. 13 பாட்டுகள், 50 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆண்டு முடிந்தபோது ‘தி வயர்’ இதழ் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தது. டப்ஸ்டெப் என்ற சொல்லை அதுவரை கேள்விப்பட்டிராதவர்கள்கூடத் தேடிப்போய் வாங்கினார்கள். டப்ஸ்டெப் பிறந்து வளர்ந்த நடன அரங்குகளுக்கோ அந்த ஆல்பம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. கூட்டத்தை ஆட வைக்கும் பாட்டு என்று அதிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுவது சிரமம்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, நடுநாயகமாக வைத்த இசை ஜமைக்காவிலிருந்து பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போன இடங்களிலெல்லாம் ஓர் அறையையும் ஒரு ஸ்பீக்கர் அடுக்கையும் ஒரு கூட்டத்தையும் உடன் அழைத்துக்கொண்டே போனது. ஆல்பம் வேறு ரகம். வீட்டில், தனியாக, உட்கார்ந்து கேட்பதற்காக வளர்ந்த வடிவம் அது. அறையை விட்டு வெளியே வந்தபின் பேஸ் என்ன ஆகிறது? இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வோர் இசைஞரும் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திப்பது தன் முதல் ஆல்பத்தில்தான். 1990-களின் தொடக்கத்திலிருந்து வந்த அத்தகைய முதல் ஆல்பங்களில் பெரும்பாலானவை கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன என்பது என் எண்ணம். நின்று பதில் சொன்னவை கொஞ்சம்.

பேஸின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் சிக்கல் பிடிபடும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இசைஞர்கள் சப்-பேஸ் என்று சொல்வது அதன் அடித்தட்டு, ஏறத்தாழ 20 முதல் 60 ஹெர்ட்ஸ். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒற்றை அலை காற்றில் எட்டரை மீட்டர் நீளம். எட்டரை மீட்டர் நீளமுள்ள படுக்கையறை யார் வீட்டில் இருக்கிறது? அறையைவிட நீண்ட அலை சுவர்களில் மோதித் திரும்பி வந்து ஓரிடத்தில் தன்னையே பெருக்குகிறது, இன்னோரிடத்தில் தன்னையே அழிக்கிறது. கட்டிலோரம் முழங்கும் பேஸ் ஜன்னலோரம் போனால் காணாமல் போகும். காதிலேயே இன்னொரு தடையும் உண்டு. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் காதின் உணர்திறனை அளந்து வரைபடமாக்கினார்கள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க மற்ற ஒலிகளுக்கு முன்னால் பேஸ் மங்கிவிடும் என்பதை அந்தக் கோடுகள் காட்டுகின்றன. அமைதியான அளவில் ஒலிக்கும் நடுத்தர ஒலிக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் நம் காதில் விழ வேண்டுமானால் அதைச் சுமார் 30 டெசிபல் கூட்டி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து வால்யூமைக் குறைத்தால் நமக்கு முதலில் போவது பேஸ். அவருக்குச் சுவரைத் தாண்டிப் போவதும் பேஸ் மட்டும்தான். இந்த வேடிக்கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பரியலுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

இந்த இசையின் பூர்வீகம் ஜமைக்காவின் கிங்ஸ்டன். 1950-களிலேயே அங்கே சவுண்ட் சிஸ்டம் என்பது ஒரு தொழில். ஆம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப்போய்த் திறந்த வெளியில் இறக்கி, நுழைவுக்கட்டணம் வாங்கி ஆட்டம் நடத்துவார்கள். எந்த சிஸ்டத்தின் பேஸ் கனமானது என்பதில் போட்டி, பகை, சில சமயம் கைகலப்பு. வாட்டர்ஹவுஸ் பகுதியில் ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பர்ன் ரடாக், கிங் டப்பி என்ற பெயரில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தார். பதிவான ரெகே பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்தார். கிட்டாரையும் எடுத்தார். டிரம்ஸையும் பேஸையும் மட்டும் விட்டார். பிறகு பேஸையும் திடீரென்று உருவி, சில வினாடி கழித்து மறுபடி உள்ளே விட்டார். டப் என்ற கலை இப்படித்தான் உருவானது. டப்பியின் மிக்ஸிங் மேசையில் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டி நீக்கும் ஃபில்டர் ஒன்று இருந்தது. பேஸின் பேரரசர் என்று கொண்டாடப்படுபவரின் கையில் பேசிய கருவி, பேஸை இல்லாமல் ஆக்கும் கருவி! எதை எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் டப்பின் இலக்கணம். பின்னால் வந்தவர்களில் பேஸை மேலும் மேலும் குவித்தவர்கள் நிறையப் பேர். டப்பியின் இலக்கணம் விளங்கியவர்கள் அவர்களைவிட மிகக் குறைவு.

ஆல்பம் இந்த இசைஞர்களுக்கு அந்நியமாக இருந்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. இந்த இசையின் நாணயம் 12 அங்குலத் தட்டு. ஒரு பக்கத்தில் ஒரே பாட்டை 45 சுற்றில் வெட்டினால் ஊசி ஓடும் பள்ளத்துக்கு நிறைய இடம் கிடைக்கும். பேஸ் கனக்கக் கனக்கப் பள்ளம் பக்கவாட்டில் அதிகமாக வளையும், இடம் கேட்கும். அதே பேஸுடன் பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று ஒரு எல்.பி.யில் அடைத்தால் ஒலியின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். ஆக, ஆல்பமாக்குவது என்றால் பேஸில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்பதே சி.டி. வரும்வரை நிலவிய பௌதிக உண்மை. அதற்கும் முந்திய கட்டம் டப்பிளேட். உலோகத் தகட்டின் மேல் பூசிய மெழுகுப் பதமான அரக்கில் ஒரே ஒரு பிரதி வெட்டி, நம்பகமான டி.ஜே. ஒருவர் கையில் கொடுப்பார்கள். சில டஜன் முறை ஓடினால் தேய்ந்துவிடும். வெளிவராத பாட்டு ஒன்று மாதக்கணக்கில் ஊரெல்லாம் பேசப்படும், கடையில் கிடைக்காது. அந்த உலகத்தில் புகழ் என்பது வெளியீட்டுக்கு முன்னால் வருவது. ஆல்பம் எப்போதும் கடைசி விருந்தாளி. ஆனாலும் பத்திரிகைகளுக்கு விமர்சனம் எழுத ஒரு முழுப் பொருள் வேண்டும், பிரிட்டனின் மெர்குரி பரிசு ஆல்பங்களுக்கு மட்டுமே தரப்படுகிறது. முதல் ஆல்பம் என்பது பெரும்பாலும் அந்த வாசலுக்கான நுழைவுச்சீட்டு.

சிகாகோவின் ஆர்.பி. பூ இதற்குச் சரியான சாட்சி. ஃபுட்வொர்க் என்ற அதிவேக நடன இசைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 1990-களிலிருந்தே பாட்டு செய்துகொண்டிருந்தவர். அவருடைய முதல் ஆல்பம் ‘லெகசி’ வெளிவந்தது 2013-ல். மரபுரிமை என்று பொருள் தரும் ஒரு பெயரை முதல் ஆல்பத்துக்கு வைக்க வேண்டியிருந்தது என்றால், ஆல்பம் எவ்வளவு தாமதமாக வந்தது பாருங்கள்.

பிரிட்டனில் 1991 ஒரு நல்ல தொடக்கப்புள்ளி. லீட்ஸ் நகரத்து இளைஞர்களான மார்க் பெல்லும் கெஸ் வார்லியும் எல்.எஃப்.ஓ. என்ற பெயரில் முந்தைய ஆண்டு வெளியிட்ட முதல் தட்டு, ஷெஃபீல்டின் வார்ப் லேபிளுக்குப் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடத்தைக் கொண்டுவந்தது. ஸ்பீக்கர் கூம்புகளின் உயிரோடு விளையாடும் பேஸ், மேலே மெல்லிய பீப் ஒலிகள், நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவர்களுடைய முதல் ஆல்பம் ‘ஃப்ரீக்வென்ஸீஸ்’ இன்றும் புத்துணர்வோடு ஒலிக்கிறது. ஆனால் நேர்மையாகச் சொன்னால் அது நல்ல பாட்டுகளின் வரிசை. தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டே தீர வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. அதே ஆண்டு பிரிஸ்டலிலிருந்து வந்த மாசிவ் அட்டாக்கின் ‘புளூ லைன்ஸ்’ வேறு பாதையில் போனது. வைல்ட் பஞ்ச் என்ற சவுண்ட் சிஸ்டத்திலிருந்து கிளைத்த குழு அது. வேகத்தைக் குறைத்து, பாடகி ஷாரா நெல்சனையும் ஜமைக்காவின் ஹொரேஸ் ஆண்டியையும் பாடவைத்து, பேஸைக் குரலுக்குப் பாய் விரிக்க வைத்தது. அற்புதமான ஆல்பம், சந்தேகமில்லை. அதோடு ஒரு கெட்ட பழக்கத்தையும் அது தொடங்கிவைத்தது: வீட்டில் கேட்க வேண்டுமா, பாட்டுக்கு ஒரு பாடகியைக் கூட்டிவா.

1995-ல் கோல்டி அந்தப் பழக்கத்தை ஒரேயடியாகத் தூக்கிச் சாப்பிட்டார். ஜங்கிள் இசையில் டிரம்ஸ் நிமிடத்துக்கு 160 துடிப்பைத் தாண்டி ஓடும், பேஸ் அதில் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். இந்த இரட்டை நடைதான் அதன் மந்திரம். கோல்டியின் முதல் ஆல்பமான ‘டைம்லெஸ்’ தலைப்புப் பாட்டோடு தொடங்குகிறது, அதன் நீளம் 21 நிமிடம். டயான் சார்லமேனின் குரல் வருகிறது, போகிறது. டிரம்ஸ் உடைந்து சிதறுகிறது, கூடுகிறது. பேஸ் எழும்போது மற்றவை ஒதுங்கி நிற்கின்றன. நடன அரங்கில் ஓர் இரவு முழுக்க நிகழும் ஏற்ற இறக்கத்தை ஒரே பாட்டுக்குள் அடக்கப் பார்த்த துணிச்சல் அது, பெரும்பகுதி வென்றும் விட்டது. வெற்றி தலைக்கேறியதும் உண்மை. 1998-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு மட்டும் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அதை முழுதாக இரண்டாம் முறை கேட்டவரை நான் சந்தித்ததில்லை.

1997-ல் மெர்குரி பரிசை வென்ற ரோனி சைஸ், ரெப்ரஸென்ட் குழுவின் ‘நியூ ஃபார்ம்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னணு பேஸோடு மரத்தாலான டபுள் பேஸையும் சேர்த்துக்கொண்டு, ஜாஸ் ரசிகர்களின் வீட்டுக்குள் மரியாதையாக நுழைந்த ஆல்பம். மரியாதை அதன் பலம், அலுப்பும் அதுவே.

இனி க்ராய்டன். தென் லண்டனின் ஓரத்தில், சர்ரே தெருச் சந்தையை ஒட்டி பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. பள்ளிப்பருவம் தாண்டாத ஸ்க்ரீமும் பெங்காவும் அந்தக் கடையைச் சுற்றி வளர்ந்தவர்கள். கணினி விளையாட்டுபோல ஃப்ரூட்டி லூப்ஸ் மென்பொருளில் பாட்டு கட்டியவர்கள். அப்போதைய லண்டன் நடன இசையான கராஜிலிருந்து குரலையும் மினுமினுப்பையும் கழற்றி வீசிவிட்டு, நிமிடத்துக்கு 140 துடிப்பில் டிரம்ஸையும் பேஸையும் வெற்றிடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். டப்ஸ்டெப் என்ற இந்த இசைக்கு இரண்டு கோயில்கள். ஒன்று, ஷோர்டிச்சின் பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்பில் நடந்த ஃபார்வர்ட் இரவுகள். இருநூறு பேர் நெருக்கியடித்தால் நிறைந்துவிடும் நிலவறை, ஏறக்குறைய முழு இருட்டு, அறைக்கு மீறிய ஸ்பீக்கர்கள். மற்றொன்று, மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர் 2005-ல் பிரிக்ஸ்டனில் தேவாலயக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய டி.எம்.இசட். அங்கே போனவர்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: சட்டை நெஞ்சோடு ஒட்டி அதிர்ந்தது, மூக்கெலும்பு கூசியது, மூச்சை பேஸ் கையில் எடுத்துக்கொண்டது. இசையைப் பற்றிப் பேச வந்தவர்கள் உடம்பைப் பற்றியே பேசுகிறார்கள்.

அப்படியானால் இவர்கள் ஆல்பம் போட்டபோது என்ன நடந்தது? 2005-ல் பிளானட் மியூ லேபிள் வெளியிட்ட வெக்ஸ்டின் ‘டிஜெனரேட்’ இரும்பாலை இரைச்சலை வீட்டுக்குள் கொட்டியது, மூன்று பாட்டுக்கு மேல் தாங்காது. 2006-ல் ஸ்க்ரீம் தன் பெயரிலேயே போட்ட முதல் ஆல்பத்தில் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ இருக்கிறது. அந்த இசைக்கு முகவரி தந்த பாட்டு அது. இருபது வயதுப் பையனின் திறமை பாட்டுக்குப் பாட்டு தெறிக்கிறது. ஆனால் ஆல்பமாக அது டி.ஜே.யின் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிய தட்டுகள்தான். பிரிஸ்டலின் பின்ச் 2007-ல் ‘அண்டர்வாட்டர் டான்ஸ்ஹால்’ என்ற முதல் ஆல்பத்தை இரண்டு சி.டி.யாக வெளியிட்டார். ஒன்றில் பாடகர்களோடு, மற்றதில் அதே பாட்டுகள் குரலில்லாமல். வீட்டுக்கு ஒன்று, அரங்குக்கு ஒன்று! இந்தத் துறையின் தடுமாற்றத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட வேறு ஆல்பம் எனக்குத் தெரியாது. குரலில்லாத தட்டைத்தான் நான் எடுத்துக் கேட்கிறேன்.

பரியலின் முதல் ஆல்பம் இவற்றின் நடுவில் வந்தது. அவர் வேலை செய்த முறையே வினோதம். மற்றவர்கள் பயன்படுத்திய, தாளத்தைக் கட்டங்களில் அடுக்கும் சீக்வென்ஸர் எதுவும் அவரிடம் இல்லை. சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித்திருத்த மென்பொருளை வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்தே ஒவ்வொரு டிரம் அடியையும் ஒட்டினார். அலைகள் மீன்முள்போலத் தெரிந்தால் தாளம் சரியாக இருக்கும் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். கட்டத்துக்குள் அடங்காமல் கண் அளவில் வைத்ததால் அவருடைய தாளம் ஒரு நூலிழை முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. டப்ஸ்டெப்பின் இயந்திரக் கறார் அதில் இல்லை.

இதைவிட முக்கியமானது, பேஸை அவர் எங்கே நிறுத்தினார் என்பது. ஸ்க்ரீமின் பாட்டில் பேஸ் கேட்பவரின் நெஞ்சுக்கு எதிரே நிற்கும். பரியலின் ‘டிஸ்டன்ட் லைட்ஸ்’ பாட்டில் அது அடுத்த தெருவில் நிற்கிறது. பேஸுக்கு மேலே மழை பெய்கிறது, தேய்ந்த இசைத்தட்டின் பொரிச்சல் கேட்கிறது, யாரோ ஒரு பாடகியின் துண்டுபட்ட குரல் சுருதி மாறி மிதந்து போகிறது. ‘நைட் பஸ்’ என்ற பாட்டில் தாளமே இல்லை. முடிவுக்கு முந்தைய ‘பைரேட்ஸ்’ பாட்டின் பெயர், உரிமமில்லாமல் அடுக்குமாடிகளின் உச்சியிலிருந்து ஒலிபரப்பும் வானொலிகளை நினைவூட்டுகிறது. வெள்ளத்தில் மூழ்கிய, நெருங்கி வரும் ஓர் எதிர்காலத்தின் தென் லண்டன் இது என்று லேபிள் தன் குறிப்பில் சொன்னது. கேட்கும் பொரிச்சல் வானொலியுடையதா மழையுடையதா என்று பிரிக்க முடியாது என்றும் சொன்னது. விளம்பரத்துக்கு எழுதியது என்றாலும் தப்பில்லாத விவரிப்பு.

சுவரைத் தாண்டிப் போவது பேஸ் மட்டும் என்று மேலே சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. நடன அரங்கு மூடியபின், அல்லது அரங்குக்குப் போகாதவன் வீட்டில் படுத்தபடி கேட்கும் பேஸ், மங்கிய, தூரத்துப் பேஸ்தான். கூர்மையான ஒலிகளைச் சுவர் தின்றுவிடும், அடி மட்டும் வந்து சேரும். பரியல் அந்தப் பேஸைப் பதிவு செய்தார். ஆகவே அவருடைய ஆல்பத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை, அறை தேவையில்லை. அறை இல்லாமல் இருப்பதுதான் அதன் கதை. மூத்த அண்ணன் கொண்டுவந்த ஜங்கிள் பாட்டுகளின் வழியே அந்த உலகத்தை அறிந்தவர், ரேவ் எனப்படும் பெருங்கூட்ட நடனங்களின் பொற்காலத்தை நேரில் காணத் தவறிய தலைமுறைக்காரர் அவர். பாட்டு முடிந்ததும் இரவில் காரில் போட்டுத் தென் லண்டனைச் சுற்றி வந்து, அதில் தூரம் ஒலிக்கிறதா என்று சோதிப்பாராம். எழுத்தாளர் மார்க் ஃபிஷர் இந்த ஆல்பத்தில், நடந்து முடிந்துபோன ஒரு கூட்டுக் கொண்டாட்டத்தின் ஆவியைக் கேட்டார். பிற்பாடு எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிச் சொல்லிச் சலிக்க வைத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஃபிஷரின் வாசிப்பு கலாசார வரலாறு. நான் சொல்ல வருவது அதைவிடச் சாதாரணமானது: ஒலியியல் முன்வைத்த ஒரு தடையை இந்த மனிதர் கதைப்பொருளாக்கிவிட்டார்.

2007-ல் வந்த அவருடைய இரண்டாவது ஆல்பம் ‘அன்ட்ரூ’ மேலும் புகழ்பெற்றது, மெர்குரி இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. ஆளைக் கண்டுபிடிக்கப் பத்திரிகைகள் துரத்தியதில் 2008-ல் அவரே தன் பெயர் வில்லியம் பெவன் என்று அறிவித்துவிட்டு மறுபடி மறைந்தார். பொதுவாக ‘அன்ட்ரூ’தான் உயர்ந்தது என்பார்கள். அதில் குரல்கள் முன்னே வந்துவிட்டன, மனசைப் பிசைகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேஸ் ஆல்பம் எப்படி இருக்கலாம் என்ற கேள்விக்கு முதல் ஆல்பத்தின் பதில்தான் கறாரானது.

குரலை வைத்தும் பதில் சொல்ல முடியும் என்று ஜேம்ஸ் பிளேக் 2011-ல் காட்டினார். லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்தவர், டப்ஸ்டெப் இரவுகளில் நின்று வளர்ந்தவர். தன் முதல் ஆல்பத்தில் கனடியப் பாடகி ஃபைஸ்டின் ‘லிமிட் டு யுவர் லவ்’ பாட்டைப் பியானோவோடு பாடுகிறார். சட்டென்று நிறுத்துகிறார். சில கணம் நிசப்தம். பிறகு தரைக்கடியிலிருந்து பேஸ் நடுங்கியபடி வருகிறது. லேப்டாப்பில் கேட்டவர்களுக்கு அங்கே பேஸே கிடையாது, பாடகர் எதற்கோ காத்திருப்பதுபோல இருக்கும். நல்ல ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்கு அது வேறு பாட்டு. டப்பியின் பாடம் இங்கே ஒரு காதல் பாட்டுக்குள் வேலை செய்கிறது. ஆல்பம் முழுக்க அந்தத் தரத்தில் இல்லை என்றாலும் அந்த ஒரு பாட்டுக்காக மன்னிக்கலாம்.

குரல் என்றதும் கிளைவிடும் பாதை ஒன்று உண்டு. டிஸ்ஸி ராஸ்கல் இருபது வயது நிரம்புமுன் 2003-ல் ‘பாய் இன் டா கார்னர்’ ஆல்பத்துக்கு மெர்குரி வாங்கினார். பேச்சே தாளமாக ஓடுவதால் அவருக்கு அறை தேவைப்படவில்லை. அந்த ஆல்பத்தை வெளியிட்ட எக்ஸ்.எல். லேபிளிலிருந்தே 2005-ல் வந்த ‘அருளர்’ தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான தன் தந்தையின் இயக்கப் பெயரையே முதல் ஆல்பத்துக்கு வைத்தார். ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியில் அடித்தளம் போடப்பட்ட பாட்டுகள். அகதியாக லண்டன் வந்த பெண்ணின் அரசியலைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். அந்தப் பெட்டியின் முரட்டு, சிக்கனமான பேஸைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கூடத் தமிழில் அபூர்வம்.

பரியலுக்கு ஈடாக நான் வைக்கும் இன்னொரு முதல் ஆல்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜெரிலின் பாட்டன் என்ற ஜேலினின் ஊர் இண்டியானா மாநிலத்தின் கேரி. இரும்பாலைக்காகவே கட்டப்பட்டு, இரும்பாலையோடு சேர்ந்து தேய்ந்த ஊர். அவரும் அந்த ஆலையில் ஷிப்டு மாற்றி ஷிப்டு வேலை பார்த்தார், மிச்ச நேரத்தில் வீட்டில் பாட்டு கட்டினார். பக்கத்துப் பெருநகரமான சிகாகோவின் ஃபுட்வொர்க்தான் அவருக்குப் பள்ளி. நிமிடத்துக்கு 160 துடிப்பு, எதிரெதிரே நின்று கால் வேகத்தில் மோதும் நடனக்காரர்கள், ரோலண்ட் டி.ஆர்.-808 கருவியின் நீண்டு முழங்கும் கிக் டிரம்மே பேஸாக மாறும் வித்தை. ஆனால் அந்த நடனப் போட்டிகளின் களத்தில் உருவானவர் அல்ல அவர். பிறருடைய பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்துச் செய்த ஒன்றைத் தன் தாய்க்குப் போட்டுக் காட்டியபோது, நன்றாகத்தான் இருக்கிறது, உன்னுடைய சத்தம் எப்படி இருக்கும் என்று தாய் கேட்டதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு கடன் வாங்கிய மெட்டுகளைப் பெரும்பாலும் கைவிட்டார்.

2015-ல் பிளானட் மியூ வெளியிட்ட ‘டார்க் எனர்ஜி’ அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். 2006-ல் பரியலுக்குச் செய்ததுபோல, 2015-ன் சிறந்த ஆல்பமாக ‘தி வயர்’ இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது. இந்த ஆல்பத்தில் தூரமில்லை, மழையில்லை, ஏக்கமில்லை. ‘பிளாக் பாலே’ போன்ற பாட்டுகளில் பேஸ் ஒரு தளமாக நீள்வதே கிடையாது, துண்டு துண்டாக வெட்டப்பட்டு டிரம்மோடு டிரம்மாக எண்ணிக்கைக்குள் நுழைகிறது. மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் ஒரே நேரத்தில் எண்ணும் தாளங்களுக்கு நடுவில் பேஸ் எந்தப் பக்கம் சேரும் என்று காது பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை முதல் முறையிலேயே பிடிபடும் என்று நினைக்கிறேன். உடம்பு உணரும் எடையாக இருந்த பேஸை, மூளை பின்தொடரும் கணக்காக மாற்றியதுதான் ஜேலின் கண்ட வழி. கணக்குக்கு அறை தேவையில்லை. வால்யூமைக் குறைத்தாலும் கணக்கு குறைவதில்லை. இதே பாதையில் போய் அவர் நடன அமைப்பாளர் வெய்ன் மெக்ரிகரின் மேடைக்கு இசை செய்தார். தாளவாத்தியக் குழு ஒன்றுக்கு எழுதிய படைப்பு 2023-ல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிச் சுற்றுவரை போனது.

ஆல்பமே வேண்டாம் என்று நின்றவர்களையும் சொல்ல வேண்டும். மாலாவும் கோக்கியும் டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் என்ற பெயரில் டப்ஸ்டெப்பின் உச்சங்களைத் தொட்டவர்கள். ஆல்பம் என்று சொல்லத்தக்க ஒன்று 2010-ல்தான் வந்தது. ‘ரிட்டர்ன் டு ஸ்பேஸ்’, அதுவும் மூன்று 12 அங்குலத் தட்டுகளில். பள்ளத்தின் அகலத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஷேக்கில்டன் 2009-ல் பெர்லின் லேபிள் ஒன்றுக்குக் கொடுத்த ஆல்பத்தின் பெயரே ‘த்ரீ ஈ.பி.ஸ்’, அதாவது ஆல்பத்தைவிடச் சிறிய மூன்று வெளியீடுகள். வீட்டுக்காக எதையும் மாற்றிக்கொள்ளாத இந்தப் பிடிவாதத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது. பிளாஸ்டிக் பீப்பிள் 2015 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கம்பீரத்துக்கு என்ன விலை என்பதும் தெரியும்.

இப்போது அறையும் போய், வீட்டு ஸ்பீக்கரும் போய், பலருக்கு மிஞ்சியிருப்பது கைபேசி. அதன் ஸ்பீக்கர் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆனாலும் மூளையை ஏமாற்ற வழியிருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் மடங்குகளான 240, 280, 320 என்ற ஒலிகளை வரிசையாகக் கொடுத்தால், அடியில் 40 ஒலிப்பதாக மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே இன்றைய இசைஞர்கள் பேஸைக் கொஞ்சம் கரகரப்பாக்கி, மடங்குகளை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். தந்திரம் பலிக்கிறது, பேஸ் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தக் கரகரப்பு எல்லாப் பாட்டிலும் ஏறிவிட்டதால் சுத்தமான, உருண்டையான சப்-பேஸ் அருகிவருகிறது. புதிதாக வரும் முதல் ஆல்பங்களில் பாதியை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருடையது என்று சொல்ல முடிவதில்லை. ஹெட்போனில் பேஸ் நன்றாகவே வரும் என்பார்கள். வரும், காதுக்குள் மட்டும். நெஞ்சுக்கு அதில் பங்கில்லை.

பரியல் ‘அன்ட்ரூ’வுக்குப் பிறகு 2022 வரை ஆல்பம் என்ற பெயரில் புதிதாக எதையும் வெளியிடவில்லை. ஈ.பி.களும் ஒற்றைத் தட்டுகளும்தான். பாட்டுகள் பத்து நிமிடத்தைத் தாண்டி நீண்டன, நடுவில் அறுந்தன, வேறொரு பாட்டாகத் தொடர்ந்தன. 2022 ஜனவரியில் வந்த ‘ஆன்டிடான்’ 40 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு முழு ஆல்பத்தின் நீளம். ஹைப்பர்டப் அதையும் ஈ.பி. என்றே அழைக்கிறது. அதில் டிரம்ஸ் ஏறக்குறைய இல்லை. பேஸும் இல்லை.